எக்கோவில் 35 வீதம் என்றால் இதயம் பெயிலா?

கிளினிக்கில் "ஹார்ட் பெயிலியர்" என்று கேட்டதும், இதயம் நின்றுவிடப்போகிறது என்றே வீட்டார் நினைக்கிறார்கள். இதயம் திடீரென நிற்பது வேறு. இரத்தக்குழாய் அடைபட்டு வரும் ஹார்ட் அட்டாக்கும் வேறு. ஹார்ட் பெயிலியரில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கும். உடம்புக்குப் போதுமான இரத்தத்தைத் தள்ள முடியாததால் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்கும்.

அடுத்த பயம் எக்கோ என்னும் இதய ஸ்கேன் ரிப்போட்டில் 'இ.எஃப். 35%' என்று கிடப்பதைப் பார்த்து வருவது. ஓ/எல் பரீட்சையில் 35 எடுத்தால் மயிரிழையில் சித்தி. அதே கணக்கை இங்கேயும் போடுகிறார்கள். இது நூற்றுக்கு எடுத்த புள்ளி இல்லை. இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை வீதம் வெளியேறுகிறது என்ற அளவு. நல்ல இதயத்துக்கே ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான். 40க்கு இறங்கினால் தள்ளும் வலு குறைந்திருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுத்தால் பலருக்கு இந்த எண் ஏறும். ஏறியதும் மாத்திரையை நிறுத்தினால் மறுபடி இறங்கக்கூடும். எண் சரியாக இருந்தும் இதயத் தசை விறைத்து இதே நோய் வருவதுண்டு.

'பெயில்' என்ற சொல் வேறு நோய்களிலும் இப்படிப் பயமுறுத்தும். கிட்னி பெயிலியரும் எப்போதும் ஆயுளுக்கும் டயாலிசிஸ் என்று ஆகாது. எலிக்காய்ச்சலில் பழுதுபடும் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். பிரசவத் துண்டில் 'பெயில்ட் இன்டக்‌ஷன்' என்று எழுதியிருந்தால் பிரசவ வலி வரக் கொடுத்த மருந்துக்கு வலி பிடிக்கவில்லை என்றுதான் பொருள். தாயின் மேல் அந்தக் குறையைச் சுமத்துவது பெரிய அநியாயம்.

இதய நோயாளர் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், நிறை பார்த்து கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது கொழுப்பு இல்லை, நீர். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். படுக்க இன்னொரு தலையணை தேவைப்படுவதும் அதே அறிகுறிதான். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், பப்படம், சூப் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனக்கைப் பாமசியில் தாமாகவே வாங்கிப் போடுவதுதான் கிளினிக்கில் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது. அது உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும்.

உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்கினால், இருமும்போது இளஞ்சிவப்பாக நுரை வந்தால், இலங்கையில் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், கட்டணம் இல்லை. அம்புலன்ஸ் வரும்வரை நோயாளரைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, மாத்திரைகளையும் கொப்பியையும் கையோடு எடுத்து வையுங்கள்.