ஓடும் குதிரையில் மூச்சிரைக்காத பாட்டு

அமெரிக்க கௌபாய் படங்களின் பாடும் நாயகன் ஜீன் ஆட்ரி, திரையில் குதிரையில் வந்துகொண்டே பாடுவார். மூச்சு வாங்காது, குளம்புச் சத்தம் குறுக்கிடாது. ஆளில்லாப் பொட்டலில் வயலின்கள் வேறு சேர்ந்துகொள்ளும். ரயில்வேயில் தந்தி அடித்தவர், சிகாகோ வானொலியில் பாடிப் பெயரெடுத்தவர், 1935-இல் ரிபப்ளிக் நிறுவனத்தின் ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ மூலம் கதாநாயகன் ஆனார். குரல் அவருடையதுதான். ஆனால் இத்தகைய பாட்டு பெரும்பாலும் குதிரை மேல் பதிவாகவில்லை.

வெட்டவெளியில் மைக் வைத்தால் காற்று முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்து சேணத்தின் கிரீச்சொலி, கடிவாளச் சங்கிலி, கேமராவின் கடகடப்பு. போதாக்குறைக்கு குதிரை நகர நகர மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மாறி, குரல் ஏறி இறங்கும். ஆகவே பாட்டை முன்கூட்டியே ஸ்டுடியோவில் வாத்தியங்களுடன் பதிவுசெய்தார்கள். படப்பிடிப்பில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட, நடிகர் உதட்டைச் சேர்த்துப் பாடினார். குரலும் முகமும் இப்படிப் பிரிந்தபின், பாடத் தெரியாதவரையும் பாடவைக்கலாம். 1933-இல் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ படத்தில் ஜான் வேய்ன் பாடியது இரவல் குரலில். நம் பின்னணிப் பாடகர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

கேமரா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள் எடுக்கிறது. பாட்டை ஓட்டும் கருவி 1 சதவீதம் மெதுவாகச் சுற்றினால் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் 3 நிமிடப் பாட்டின் முடிவில் உதடு 1.8 நொடி, அதாவது 43 பிரேம் பிந்தியிருக்கும். அதனால்தான் இரண்டின் மோட்டார்களும் ஒரே வேகத்தில் பிணைந்து ஓட வேண்டும். பாட்டைச் சிறுசிறு ஷாட்டுகளாக எடுப்பதும் உதவும்: ஒவ்வொரு ஷாட்டிலும் பொருத்தம் புதிதாகத் தொடங்குவதால் பிழை சேராது.

மோட்டார் சரியாக இருந்தும் உதடு பிந்தும். அங்கே குற்றவாளி காற்றுதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு பிரேம் நேரத்தில் 14 மீட்டர். ஒலிபெருக்கி 30 மீட்டருக்கு அப்பால் இருந்தால் பாட்டு நடிகரின் காதுக்கே இரண்டு பிரேம் தாமதமாகத்தான் எட்டும். அண்மைக் காட்சியில் கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது உறுத்தும். ஒலிபெருக்கியை நடிகருக்கு அருகே, சட்டகத்துக்குச் சற்று வெளியே வைப்பதே எளிய மருந்து. குதிரை நகர்ந்தால் அதுவும் கூடவே நகர வேண்டும்.

நடிகர் வாயை மட்டும் அசைத்தால் போதாது. தொண்டை நரம்பும் தாடையும் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையிலேயே பாடினால்தான் மூச்சு சரியான இடத்தில் விழும். குதிரையின் நடையும் முக்கியம். நடக்கும்போது நான்கு குளம்புகளும் தனித்தனியே விழுவதால் சவாரி ஆடாது. துள்ளோட்டத்தில் இரண்டிரண்டு குளம்புகளாக விழும். உடம்பு குலுங்கும், குரலோ எண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போகும். அது சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை, தியேட்டர்களில் ஃபிலிம் ஓடிய காலத்தில், ஆபரேட்டர் ஒரு நொடியில் பிரித்துவிட முடிந்தது. புரொஜக்டரின் ஜன்னலில் ஃபிலிம் பிரேம் பிரேமாக நின்று நின்று நகரும். ஒலியைப் படிக்கும் இடத்திலோ சீராக ஓட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடக்காது. எனவே 35 மி.மீ. பிரதியில் ஒலியைப் படத்துக்கு 20 பிரேம் முன்னால் அச்சிடுவார்கள். ஃபிலிம் மாட்டும்போது நடுவில் விடும் தளர்ந்த வளையம் இரண்டு பிரேம் நீண்டுவிட்டால், ஆட்ரி வாயை மூடிய பிறகும் பாட்டு இரண்டு பிரேம் நீளும்.