கொன்செஷன்: சலுகையா, குத்தகையா?

பழங்குடி மக்களின் நிலத்தில் வெளிநாட்டுக் கொம்பனிகள் மரத்தோட்டம் இடுவது பற்றிய செய்திகளில் 'கொன்செஷன்' என்ற சொல் அடிக்கடி வருகின்றது. தமிழில் அதைச் 'சலுகை' என்று எழுதிவிடுகின்றார்கள். அப்படியொரு செய்தியை எங்கள் ஊர் வாசிகசாலையில் உரத்து வாசித்தபோது, பக்கத்தில் இருந்த முதிய கமக்காரர் ஒருவர், "சலுகை எண்டால் காசைக் குறைச்சுக் குடுத்திருக்கினமோ, தம்பி?" என்று கேட்டார். அவர் விளங்கிக்கொண்டதில் பிழையில்லை. நான் வாசித்த சொல்லே பிழையானது.

இச்சொல்லின் வேர் 'கொன்செதெரே' என்னும் இலத்தீன் வினையாகும். விலகி இடங்கொடுத்தல், விட்டுக்கொடுத்தல் என்பன அதன் பொருள். விலையிலோ வரியிலோ விட்டுக்கொடுப்பதற்குச் சலுகை என்பது மிகப் பொருத்தமான சொல். அதற்கு உறவான 'சலுகெ' கன்னடத்தில் நெருக்கத்தையும் செல்லத்தையும் குறிக்கும். ஆனால் காடு, சுரங்கம், ரயில்பாதை ஆகியவற்றைப் பொறுத்தவரையில் கொன்செஷன் என்பது, அரசொன்று தன் ஆளுகைக்குட்பட்ட நிலத்தையோ வளத்தையோ குறித்த காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை ஒரு கொம்பனிக்கு ஒப்பந்தமாக எழுதிக் கொடுப்பதாகும். இதில் செல்லமும் இல்லை, விலைக்குறைப்பும் இல்லை, நிலம் கைமாறுகின்றது.

கம்போடியாவின் 2001 ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் இத்தகைய கொன்செஷனுக்கு 10,000 ஹெக்டேயர் என்று உச்சவரம்பு விதித்திருந்தது. இருந்தும் 2004 இல், மொண்டுல்கிரி மாகாணத்தில் பைன் மரத் தோட்டம் இடுவதற்காகச் சீனத் தொடர்புடைய கொம்பனியொன்றுக்கு 199,999 ஹெக்டேயருக்குக் கொள்கையளவில் அனுமதி அளிக்கப்பட்டது. அங்கு வாழும் புனோங் மக்களின் மேய்ச்சல் நிலங்களும், மூதாதையரைப் புதைத்த இடங்களும், தெய்வம் உறைவதாக அவர்கள் நம்பிய காட்டுத்துண்டுகளும் அதற்குள் அகப்பட்டன. களைநாசினி தெளிக்கப்பட்டது. 2005 இல் அம்மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். என்னை மிகவும் வருத்துவது, அதே 2001 ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடிகளின் கூட்டு நிலவுரிமையை, இடம் மாறிச் செய்யும் பயிர்ச்செய்கைக்காக அவர்கள் ஓய்வாக விடும் நிலம் உட்பட, ஏற்றுக்கொண்டிருந்தது என்பதுதான். ஆனால் அவ்வுரிமையைப் பதிவுசெய்வதற்கான ஒழுங்குவிதி 2009 இல்தான் வந்தது. உரிமை ஏட்டில் காத்திருக்க, நிலம் போய்விட்டது.

ஓய்வாக விட்ட நிலத்தை வெறுங்காடு என்று கணக்கிடும் வழக்கம் வன்னியில் இருப்பவர்களுக்குப் புதிதன்று. எங்களைப் பழங்குடிகள் என்று கூற நான் வரவில்லை. நிலத்தை எழுதிவைக்கும் முறையில் உள்ள ஒற்றுமையையே சொல்கின்றேன். இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று ஊகித்தது. சில ஆண்டுகள் இடைவிட்டுப் பயிரிடப்படும் சேனைகளையும் அந்த ஊகத்துக்குள் கொண்டுவந்தது. யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மூடிப்போன தம் மேட்டுக்காணிக்குள் எல்லைக்கல் நட்டிருக்கக் கண்டவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றார்கள். பற்றைக்கு நடுவே பழைய கிணற்றுக்கட்டும், வரிசையாக நட்ட மாமரங்களும் அப்படியே நின்றன.

இங்கேதான் 'சட்டப்படி' என்பதும் 'முறைப்படி' என்பதும் பிரிகின்றன. ஆங்கிலத்தில் 'லெஜிட்டிமஸி' எனப்படுவதைச் 'சட்டபூர்வத்தன்மை' என்று பெயர்ப்பது போதாது. முத்திரையிட்ட பத்திரம் சட்டத்தைக் காட்டும். அங்கு வாழ்பவர்களின் ஒப்புதலை அது காட்டாது. 2007 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பழங்குடிகள் உரிமைப் பிரகடனம், வற்புறுத்தலின்றி, முன்கூட்டியே, விடயம் அறிந்து அளிக்கப்படும் ஒப்புதலைக் கேட்கின்றது. முறை என்ற சொல்லில் நீதியும் உண்டு, உறவும் உண்டு. ஆதலால் அதையே நான் விரும்புகின்றேன்.

கொன்செஷனுக்கு என் பரிந்துரை 'காட்டுக் குத்தகை' என்பதாகும். ஒப்பந்த மொழியில் நுணுக்கம் வேண்டுமாயின் 'பயனுரிமைக் குத்தகை' என்று எழுதலாம். குத்தகையும் தெலுங்கு, கன்னடச் சொற்களுக்கு உறவானதுதான். ஆயினும் அது எங்கள் வயல்களில் நாளாந்தம் புழங்கும் சொல். காலபோகத்துக்கு வயல் குத்தகைக்கு எடுக்க வருபவர், ஏக்கருக்கு எத்தனை மூடை நெல் என்று பேசுவதற்கு முன்பே, "காணி ஆற்ரை? உறுதிக் காணியோ, பெர்மிற் காணியோ?" என்று, அதாவது பத்திரம் உள்ள சொந்தக் காணியா, அரசின் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியா என்று கேட்பார். சலுகை என்று எழுதினால் அந்தக் கேள்வி எழாது. குத்தகை என்றால் கொடுத்தவர் யார், கொடுப்பதற்கு அவருக்கு என்ன உரித்து என்பது கூடவே வந்துவிடும்.

ஆகவே, 'மொண்டுல்கிரியில் கொம்பனிக்குச் சலுகை வழங்கப்பட்டது' என்று எழுதுவதை விட்டு, 'புனோங் மக்கள் மாடு மேய்த்தும் மூதாதையரைப் புதைத்தும் வந்த நிலத்தை அரசு கொம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது' என்று எழுத வேண்டும்.