தொட்டிச் சர்க்கரைவள்ளி: கொடி கொழுத்தும் கிழங்கு வைக்காதது ஏன்?

ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பக்கெட்டைத் தார்ப்பாயில் கவிழ்த்தால், மண் பக்கெட்டின் வடிவத்திலேயே கெட்டியாக வந்து விழுகிறது. மேலே கொடி கரும்பச்சையாக, பக்கத்து வேலி வரை ஓடியிருக்கிறது. அடியிலோ வெள்ளை நூல்நூலாக வேர் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடக்கிறது. நடுவில் பென்சில் பருமனில் நாலைந்து வேர், சுண்டுவிரல் அளவில் ஒரு கிழங்கு. அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் தொட்டியில் சர்க்கரைவள்ளி போட்டவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இதுதான். நாற்றைக் குறை சொல்வார்கள். நாற்றின்மேல் குற்றம் இருப்பது அபூர்வம். நட்ட முதல் ஆறு வாரத்தில் மண்ணுக்குள் நடந்த தப்பு அது.

உருளைக்கிழங்கு என்பது தண்டின் பருமன். அதனால்தான் அதற்கு மண் அணைத்துக்கொண்டே போகிறார்கள். சர்க்கரைவள்ளி அப்படியல்ல, அது வேர். நட்ட கொடியின் கணுக்களிலிருந்து கிளம்பும் வேர்களில் எது கிழங்காகும், எது வெறும் வேராகவே நிற்கும் என்பது நட்ட நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் முடிவாகிவிடும். அந்தச் சமயத்தில் மண் இறுகிக் கிடந்தாலோ, தண்ணீர் தேங்கினாலோ, காய்ந்துபோனாலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினாலோ வேர் நாரோடி மரத்துப்போகும். மரத்துப்போன வேர் மறுபடி பருக்காது. மூன்றாம் மாதம் என்ன உரம் கொட்டினாலும் இலைக்குத்தான் போகும். உருளைக்கிழங்கு வீடியோவைப் பார்த்துவிட்டு வாரா வாரம் மேலே மண் போட்டு ஏற்றுவதும் வீண் வேலை.

ஆடிப்பட்டம் இங்கே செல்லாது

தமிழ்நாட்டுத் தோட்டக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவதில் முதல் சிக்கல் மாதம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது அங்கே வேதவாக்கு. இங்கே ஆடி என்றால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குளிர்காலம். டர்பனிலேயே இரவில் 11, 12 டிகிரி வரை இறங்கும். மண்ணின் சூடு 15 டிகிரிக்குக் கீழே போனால் சர்க்கரைவள்ளி வளர்ச்சியை நிறுத்திவிடும். அதற்குப் பிடித்தது 24 முதல் 30 டிகிரி.

டர்பன் இருக்கும் கடலோர நாட்டால் மாநிலத்துக்கு எளிதான கணக்கு ஒன்று உண்டு. புரட்டாசி விரதம் தொடங்கும்போது கிழங்கை முளைக்கப் போடுங்கள். தீபாவளியை ஒட்டி நடுங்கள். மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழா நடக்கும் சமயத்தில் தோண்டுங்கள். நடுவதற்குக் கார்த்திகை முடியும் வரை தாராளமாக நேரம் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியாவை ஒட்டிய லெனேசியா, லாடியம் பக்கம் இருப்பவர்களுக்கு அவ்வளவு சலுகை கிடையாது. மே மாதம் உறைபனி வந்து கொடியைக் கருக்கிவிடும் என்பதால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிவதற்குள் நட்டாக வேண்டும். கேப் டவுனில் கோடை மழை இல்லை, தென்கிழக்குக் காற்று வேறு. அங்கே சுவரோரமாக வைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு 20 லிட்டர் பக்கெட் போதும், ஆனால் அதற்குக் குறையக்கூடாது. 40 லிட்டர் இருந்தால் இரண்டு செடி வைக்கலாம், மூன்று வேண்டாம். ஆழம் 30 செ.மீ. அவசியம், 40 இருந்தால் நல்லது. 10 கிலோ அரிசிப்பை எல்லா வீட்டிலும் கிடக்கும்தான், ஆனால் அது சின்னது. மீலி-மீல் (மக்காச்சோள மாவு) வரும் பெரிய நெய்த பை சரியான அளவு. தண்ணீரும் நன்றாக வடியும். வெயிலில் அந்த நெசவு பொடிந்து, பிளாஸ்டிக் துணுக்கெல்லாம் மண்ணில் கலக்கும் என்பதால் ஒரு பருவத்துக்கு மேல் அதை நம்பாதீர்கள். கறுப்புத் தொட்டியை மேற்குச் சுவரோரம் வைத்தால் பிற்பகல் வெயிலில் ஓரத்து மண் வெந்துபோகும். வெளியே வெள்ளைச் சாக்கு சுற்றினால் தீர்ந்தது.

பக்கெட்டின் அடியில் ஒரு செ.மீ. அகலத்தில் எட்டு முதல் பத்து ஓட்டை. பக்கவாட்டிலும், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், நாலு ஓட்டை. பிறகு மூன்று செங்கல்மேல் தூக்கி வையுங்கள். சிமெண்டுத் தரையில் ஒட்டி உட்கார்ந்த பக்கெட்டில் ஓட்டை இருந்தும் இல்லாத கதைதான். மாடி வீட்டு பால்கனியில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மணல் கலந்த 40 லிட்டர் மண் நனைந்தால் ஏறத்தாழ 50 கிலோ. அப்படி நாலு வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

மண் கலவையில் மூன்று பங்கு: நன்றாக மக்கிய காம்போஸ்ட் ஒன்று, பருமணல் ஒன்று, தோட்டத்து மண் ஒன்று. டர்பனின் பெரியாப் பகுதியின் சிவப்பு மணல்மண் கிடைத்தால் மணலைப் பாதியாகக் குறைக்கலாம். களிமண் என்றால் மணலைக் கூட்ட வேண்டும். கலவையைக் கையில் பிடித்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். உதிராமல் நின்றால் அதில் கிழங்கு பருக்க இடமில்லை. தக்காளி, கத்தரி வைத்த பழைய மண்ணை இதற்கு எடுக்காதீர்கள். வேர்முடிச்சு நூற்புழு அதில் தங்கியிருந்தால் கிழங்கு வெடித்து, சொறி பிடித்து வரும். வேறு மண் கிடைக்கவில்லையென்றால் முந்தின கோடையிலேயே அதை நனைத்து, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, நாலு முதல் ஆறு வாரம் முழு வெயிலில் போட்டுவையுங்கள்.

உரம்தான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது. கடையில் பையின்மேல் 2:3:4 (30) என்று போட்டிருப்பது தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளின் விகிதம். அடைப்புக்குள் இருக்கும் எண், பையில் இந்த மூன்றும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பது. சர்க்கரைவள்ளிக்குப் பொருந்துவது இந்த 2:3:4. செடி ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி, தலைதட்டி, சுமார் 15 கிராம், நடும் முன் மண்ணோடு கலந்துவிடுங்கள். அதோடு சரி. ஆறாவது வாரம் ஒரு தேக்கரண்டி பொட்டாசியம் சல்பேட் ஓரமாகத் தூவித் தண்ணீர் விடலாம். அது இல்லையென்றால் இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி. பிரிக்கெட் கரிச் சாம்பல் வேண்டாம்.

கைக்குக் கிடைக்கிறதே என்று எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரம் போடுபவர்கள் நிறைய. அதில் தழைச்சத்து 28 சதவீதம். புல்தரைக்கு அது அருமை, கிழங்குக்கு அது எமன். புதிய கோழி எருவும் மாட்டுக்கொட்டில் எருவும் இதே வேலையைத்தான் செய்யும். இலை உள்ளங்கையை விடப் பெரிதாகி, காம்பு நீண்டு, கொடி தளதளவென்று ஓடினால் சந்தோஷப்படாதீர்கள். அது அபாயக் குறி.

கொடி வெட்டுவதும் நடுவதும்

கிழங்கை அப்படியே புதைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. தாய்க்கிழங்கு ஊதிப் பருத்துக்கொண்டே போகுமே தவிர, புதுக் கிழங்கு ஒழுங்காக வைக்காது. நட வேண்டியது கொடித்துண்டு. கடற்கரைப் பக்கம் குளிர்காலத்திலும் கொடி சாவதில்லை; தெருவில் யாராவது ஒரு வீட்டில் நிச்சயம் இருக்கும், கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் ஈர மணலில் கிழங்கைப் படுக்கப் போட்டுப் பாதி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் ஐந்தாறு வாரத்தில் தளிர் நீளும். சூப்பர்மார்க்கெட் கிழங்கு சில சமயம் முளைக்காமல் அடம் பிடிக்கும். சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மண்ணோடு விற்கும் கிழங்கை வாங்குவது மேல்.

கண்ணாடி டம்ளரில் பல்குச்சி குத்திக் கிழங்கை மிதக்கவிடுவது பார்க்க அழகு, அவ்வளவே. தண்ணீரிலேயே முழ நீளம் வேர் விட்ட தளிரை எடுத்து நட்டால், வேர் சுருண்டபடி மண்ணுக்குள் போய்க் கிழங்கும் கோணலாகும்.

துண்டு 25 முதல் 30 செ.மீ. இருக்கட்டும்; கொடியின் நுனிப்பக்கம் மட்டும் எடுங்கள். கூன்வண்டு முட்டையிடுவது அடித்தண்டில். நுனியை எடுத்தாலே பாதித் தொல்லை கழியும். இலையில் மஞ்சள் தேமல், ஊதா வளையம், சூம்பிப்போன தோற்றம் இருக்கும் கொடியைத் தொடவே தொடாதீர்கள். வைரஸ் கொடியோடு கூடவே வரும். அதற்கு மருந்து கிடையாது. பிரிட்டோரியாவை அடுத்த ரூட்பிளாட்டில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைரஸ் இல்லாத நடவுப் பொருளுக்காக நெடுநாளாக உழைக்கிறது. நர்சரியில் வாங்கும்போது கொடி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தப்பில்லை. ரகத்தில், ஊதாத் தோலும் வெளிர்ச் சதையுமாக இருக்கும் பிளெஸ்பாக் நம் வாய்க்குப் பழகியது. பொபேலோ, போரகார்ட் இரண்டும் ஆரஞ்சுச் சதை, ஏ வைட்டமினுக்கான கரோட்டின் உள்ளவை. 

வெட்டிய துண்டை உடனே நட அவசரப்படாதீர்கள். கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு நாள் நிழலில் வையுங்கள். பிரித்துப் பார்த்தால் இலைக்காம்பு இருந்த கணுவில் கடுகளவு வெள்ளை மொட்டுகள் தள்ளிக்கொண்டு நிற்கும். அவைதான் வேராகும், கிழங்காகும். அப்படிப்பட்ட கணு மூன்று அல்லது நாலு மண்ணுக்குள் போக வேண்டும். செங்குத்தாகக் குத்தாமல், ஐந்து செ.மீ. ஆழத்தில் சாய்வாகப் படுக்கவைத்து, நுனியை மட்டும் நிமிர்த்திவிடுங்கள். குத்தி நட்டால் ஒன்றிரண்டு பெரிய கிழங்கு, படுக்கவைத்தால் ஒரே அளவில் பல கிழங்கு. மண்ணை மேலே மெல்லத் தட்டினால் போதும், குத்தி அமுக்க வேண்டாம்.

முதல் வாரம் தினமும் தண்ணீர். அதன் பிறகு ஆறாம் வாரம் முடியும் வரை விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாதபோது ஊற்றுங்கள். இந்தக் காலத்தில் ஒரு முறை கூட வாட விடக்கூடாது, சேறாகவும் விடக்கூடாது. பிப்ரவரி வெயிலில் பக்கெட்டுக்குத் தினமும் தேவைப்படலாம். ஒரு வாரம் காயவிட்டு, பிறகு இடியோடு கொட்டும் மழையில் நனையவிட்டால் கிழங்கு நீளவாக்கில் வெடிக்கும். மழை அறிவிப்பு வந்தால் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள்.

கொடி தொட்டிக்கு வெளியே தொங்கித் தரையைத் தொட்டால் அங்கேயும் வேர் விட்டுச் சில்லறைக் கிழங்கு வைக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை தூக்கித் தொட்டிமேலேயே போடுங்கள். வெட்டி ஒதுக்காதீர்கள், இலைதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது. கீரைக்கு வேண்டுமானால் இரண்டாம் மாதத்துக்குப் பின், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நாலில் ஒரு பங்குக்கு மிகாமல் இளநுனியைக் கிள்ளலாம். தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தால் பசலை மாதிரி இருக்கும். உருளைக்கிழங்கு இலைதான் விஷம், இது இல்லை.

பூச்சிகளில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: கூன்வண்டு. 6 மில்லிமீட்டர் அளவில், மூக்கு நீண்ட எறும்பு போல இருக்கும். காய்ந்து வெடித்த மண் இடுக்கு வழியாகக் கிழங்கின் தோளுக்கு இறங்கி முட்டையிடும். புழு குடைந்த கிழங்கு கசக்கும். செடி தன் தற்காப்புக்குச் சுரக்கும் நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு; வெட்டிக் கழித்துவிட்டு மீதியைச் சமைப்பதும், மாட்டுக்குப் போடுவதும் ஆகாது. மருந்தை விட மண்ணே நல்ல காவல்: தொட்டியில் மண் இறங்க இறங்கக் கிழங்கின் தோள் வெளியே தெரியாமல் காம்போஸ்ட் போட்டு மூடி, காய்ந்த புல்லைப் பரப்புங்கள். வாலில் கொம்பு வைத்த பெரிய பச்சைப்புழு ஒரே ராத்திரியில் இலையைக் காலி செய்யும். கையால் பொறுக்கினால் போதும். குரங்குக்கு மட்டும் எந்த உபாயமும் நிரந்தரமில்லை. கம்பிவலை போடுங்கள், கட்டுக் கம்பியை இரண்டு சுற்றாகச் சுற்றுங்கள்.

நாலரை மாதம் ஆனதும் அடியிலைகள் மஞ்சளாகும். ஓரத்தில் ஒரு கிழங்கைத் தோண்டி நறுக்கிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் வரும் பால் வெள்ளையாகவே காய்ந்தால் முற்றிவிட்டது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, ஐந்து நாள் முன் கொடியை அறுத்துவிட்டால் தோல் கொஞ்சம் கெட்டிப்படும். மண்வெட்டி வேண்டாம், தொட்டியைச் சாய்த்துக் கையால் மண்ணை உதிருங்கள். நல்ல 40 லிட்டர் தொட்டியில் இரண்டு முதல் மூன்று கிலோ வரும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கும் வீடியோக்களைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம்.

அன்றைக்கே வேகவைத்துவிட்டு "இனிப்பே இல்லை" என்பவர்களும் உண்டு. கழுவாமல், மண்ணை மட்டும் தட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு, 28, 30 டிகிரி சூடுள்ள அறையில் ஏழு முதல் பத்து நாள் வையுங்கள். கீறல்கள் ஆறித் தோல் தடிக்கும், மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகும். பிறகு வெளிச்சம் படாத, காற்றோடும் அலமாரி. ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி எவ்வளவு வேகவைத்தாலும் கல்லாகவே நிற்கும்.

அறுத்த கொடியைக் குப்பையில் போடும் முன் நோயில்லாத நுனி நாலைந்தைப் புது மண்ணில், சின்னத் தொட்டி ஒன்றில் நட்டு, வடக்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும். ஆடி முழுக்க வாரம் ஒரு தடவை தண்ணீர் போதும். உரம் வேண்டாம். புரட்டாசியில் அதுவே தளிர் விடும்.