பைலட் பிளாண்டுக்கு எங்களிடம் சொல் இருக்கிறது: வெள்ளோட்டம்

கிளிநொச்சியின் பரந்தனைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பழைய இரசாயனத் தொழிற்சாலை நினைவுக்கு வரும். ஆனையிறவு உப்பை எடுத்து கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் செய்த இடம், 1980களில் போரோடு நின்றுபோனது. இரசாயனத் தொழில் படிக்கும் வன்னிப் பிள்ளைகள் 'பைலட் பிளாண்ட்' என்றால் தமிழில் என்ன என்று கேட்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுபோகுமுன் கட்டி ஓட்டிப் பார்க்கும் சிறிய ஆலைதான் அது. ஏன் நடுவில் அப்படி ஒன்று? வீட்டில் ஒரு சுண்டு அரிசி பொங்குகிற கைப்பழக்கத்தை நம்பிக் கோயிலில் கிடாரம் வைத்துப் பாருங்கள், அடிப்பிடிக்கும், மேலே அரைவேக்காடாக நிற்கும். கலத்தை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெருப்பித்தால் உள்ளே கொள்ளும் சரக்கு 1000 மடங்கு, சுவரின் பரப்போ 100 மடங்குதான். வெப்பம் வெளியேறுவது சுவர் வழியாகத்தானே! குடுவையில் சாதுவாக இருந்த இரசாயனத் தாக்கம் பெரிய கலத்தில் சீறிவிடும்.

ஜேர்மன் இரசாயனவியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் மேசைமேல் வைக்கிற கருவியில் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக் காட்டினார். பிஏஎஸ்எஃப் கம்பனியின் கார்ல் போஷ் அதைப் பெருப்பிக்கப் போனபோது உருக்குக் குழாய்கள் வெடித்தன, ஐதரசன் உருக்கிலுள்ள காபனைத் தின்றுவிடுகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. உள்ளே காபன் மிகக் குறைந்த மெல்லிரும்புக் குழாய் போட்டுத் திருத்தினார்கள். ஜேர்மனியின் ஒப்பாவில் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது 1913இல்.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் துடுப்பைக் குறித்த சொல் இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்து பைலட் ஆனது, விமானம் வருமுன்பே கப்பலுக்கு வழிகாட்டும் மீகாமனுக்கு அந்தப் பெயர். அதையொட்டித்தான் 'முன்னோடி ஆலை' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் ஓட்டிச் சோதிக்கிற பொருள் அதில் இல்லை.

வெள்ளோட்டத்தில் இருக்கிறது. 'வெள்' இங்கே வெறுமை, எழுதாத ஓலையை வெள்ளோலை என்கிறோமே, அதுபோல. புதுத் தேரைச் சுவாமி ஏறாமல் ஒருமுறை வீதியில் இழுப்போம். சனம் தேர்முடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும், ஆசாரி மட்டும் குனிந்தபடி சில்லோடு கூடவே நடப்பார், அச்சு எங்கே முனகுகிறது, தேர் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று. திருவிழாவுக்கு முன் அதைச் செதுக்கிச் சரிசெய்தாக வேண்டும். வெடித்த குழாயைப் போஷ் ஆராய்ந்ததும் இதே வேலைதான்.

ஆகவே வெள்ளோட்ட ஆலை என்றே எழுதுங்கள். ஸ்கேல் அப் என்பதற்குப் 'பெருப்பித்தல்' போதும், வீட்டில் புழங்குகிற சொல்தான்.