ராஜா ஏன் சிலம்பை ஆட்டிப் பார்க்கவில்லை?

பெங்களூரில் 14 வருடமாகச் சனி, ஞாயிறு தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் "இவளுக்கு 40 குறள் தெரியும் மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவளும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அதில் ஒன்றைப் பிடித்து "இது உனக்குச் சரின்னு படுதா?" என்று கேட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள்.

பிள்ளை மேல் தப்பில்லை. செய்யுளை வாசித்த கையோடு நாமே பொருளைச் சொல்கிறோம், அப்புறம் நீதியையும் சொல்லிவிடுகிறோம். அதற்குமேல் அவள் பேச என்ன மிச்சம்? நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். "கோவலன் செஞ்சது தப்புதானே?" என்பேன். "ஆமா மிஸ்." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அந்தத் 'தானே'யை விட எனக்கு வெகுநாள் பிடித்தது.

இப்போது சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை, அதாவது கோவலன் கொல்லப்படும் பகுதியை, இப்படி எடுக்கிறேன். பாண்டியன் ஆடல் பாடலில் லயித்திருக்கிறான். அரசிக்குக் கோபம், தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுகிறாள். ("எங்கம்மாவும் அப்படித்தான்!" என்று ஒரு குரல் வரும். வரட்டும்.) அவளைச் சமாதானம் செய்ய அரசன் போகிற வழியில் பொற்கொல்லன் அவன் காலில் விழுந்து, அரசியின் காணாமல் போன சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்கிறான். அரசன் காவலர்களைக் கூப்பிட்டுச் சிலம்பு "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க" என்கிறான். இந்த வரியை இரண்டு முறை நிதானமாக வாசித்துவிட்டு, "ராஜா சொன்னதில் தப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டு நிறுத்தினேன்.

அமைதி. மனசுக்குள் 10 வரை எண்ணுவது என் பழக்கம். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம், நாலு எண்ணுவதற்குள் வாய் நமநமக்கும்.

ஐந்தாம் வகுப்புப் பையன் சொன்னான்: "'கையில இருந்தா'ன்னுதானே சொல்றாரு? தப்பு போலீஸ் மேலதான்." சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் கொல்லப்பட வேண்டியவன் இல்லையே என்று தயங்கும் இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். யோசித்தான். பக்கத்திலிருந்த பெண், "வெளியில பாத்தா ரெண்டு சிலம்பும் ஒரே மாதிரி இருக்கும். வாங்கி ஆட்டிப் பாத்திருக்கலாமே" என்றாள். "உள்ளே என்ன இருந்தது?" யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே, கண்ணகி அரசனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம்.

வீட்டில் இதற்கு 15 நிமிடம் போதும், சாப்பிட்ட பிறகு. மூல வரி ஒன்றிரண்டு, கதை உங்கள் வாய்மொழியில், கேள்வி ஒன்றே ஒன்று. பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. ஏழு வயதுக்குக் கீழே என்றால் பாரியின் தேர் போதும். "முல்லைக்கு ஒரு குச்சி நட்டா பத்தாதா?" என்று கேளுங்கள். பிள்ளை பாதி கன்னடத்தில், பாதி ஆங்கிலத்தில் பதில் சொன்னால் நடுவே திருத்த வேண்டாம். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளையும் இதில் உட்காரலாம். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். ஓர் அப்பா நோட்டுப் போட்டு நட்சத்திரம் ஒட்ட ஆரம்பித்தார், மூன்றே வாரத்தில் பையன் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டான்.

கசப்பான இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள் என்றும் பெற்றோரிடம் சொல்வதுண்டு. போன மாதம் ஒரு வீட்டில் உட்கார்ந்து செய்து காட்டினேன். மதுரை எரியும் பகுதி. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள், இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே போ என்று கண்ணகி தீக்குச் சொல்கிறாள். ஏழு வயதுக்காரி கேட்டாள்: "குழந்தைங்களை விட்டுடுச்சு சரி. அவங்க அம்மா?"

அவள் அம்மா என்னைப் பார்த்தார். நான் 10 வரை எண்ண ஆரம்பித்தேன். எட்டு வரும்போது அம்மாவே தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த வரிய இன்னொரு தடவ வாசி பாப்பா" என்றார்.