வி-லேன் முன்னுரிமை: சொல் விளக்கம்

குரல், காணொளி, கோப்பு எல்லாம் ஒரே ஈதர்நெட் கம்பியில் நெருக்கியடிக்கும்போது, கருவிகளை இணைத்துத் தரவைக் கைமாற்றும் சுவிட்ச் எதை முதலில் அனுப்புவது? அதற்கான ஏற்பாட்டை வி-லேன் முன்னுரிமை என்கிறார்கள். இந்தப் பெயர் ஒரு தவறான எண்ணத்தை விதைக்கிறது. தொலைபேசிகளைத் தனி வி-லேனில், அதாவது ஒரே வலையமைப்புக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதியில், சேர்த்தாலே பேச்சு தடங்கலின்றிப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அப்படி நடக்காது. வி-லேனின் வேலை பிரிப்பதோடு முடிகிறது, முந்தவிடுவது வேறொன்று.

'வி' என்பது வர்ச்சுவல். வீரம், ஆற்றல் எனப் பொருள்படும் லத்தீன் 'விர்தூஸ்' அதன் வேர். வடிவில் இல்லாமல் ஆற்றலில் மட்டும் இருப்பது என்று பொருள் பிறகு விரிந்தது. தமிழில் 'மெய்நிகர்' அழகாகப் பொருந்துகிறது: தனிக் கம்பி இல்லை, தனி வலையமைப்புக்கு நிகரான பயன் உண்டு. லேன் என்பதைக் குறும்பரப்பு வலையமைப்பு என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் அது இடத்துரி வலையமைப்பு.

முன்னுரிமை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 1998இல் வெளியிட்ட 802.1கியூ தரம், ஈதர்நெட் சட்டகத்தில் (கம்பியில் போகும் தரவுப் பொதியில்) அனுப்புநர் முகவரிக்கு அடுத்து 4 பைட் ஒட்டு ஒன்றைச் செருகுகிறது. அதில் 16 பிட், ஒட்டு இருப்பதை அறிவிக்கும். மீதியில் 3 பிட் முன்னுரிமைக்கு. 1 பிட், இன்றைய பதிப்பில், நெரிசலில் கைவிடலாமா என்பதற்கு. 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. 3 பிட் என்றால் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். சாதாரணத் தரவுக்கு 0. வியப்பாக, 1 அதற்கும் கீழே; அவசரமில்லாத பின்னணி வேலைகளுக்கானது. இப்போதைய பரிந்துரைப்படி காணொளிக்கு 4, குரலுக்கு 5, வலையமைப்பின் சொந்தக் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு 7.

வி-லேன் எண் 0 என்று வந்தால், அந்தச் சட்டகம் எந்த வி-லேனையும் குறிப்பிடவில்லை, முன்னுரிமையை மட்டும் சுமக்கிறது என்று பொருள். வேறு சான்று எதற்கு? முன்னுரிமை சட்டகத்துக்கு உரியது. 'மெய்நிகர் வலையமைப்பு முன்னுரிமை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பழைய குழப்பத்தையே தமிழுக்கும் கொண்டுவரும். 'சட்டக முன்னுரிமை' என்பதே சரி.

நெரிசல் இல்லாதபோது இந்த முன்னுரிமை எண்ணால் பயன் இல்லை. கணினி தானாக இட்டுக்கொண்ட எண்ணை நம்பாமல் மாற்றி எழுதும்படி சுவிட்சை அமைக்கலாம், அமைக்கவும் வேண்டும். ஒரு வலையமைப்பை இன்னொன்றோடு இணைக்கும் திசைவியை இந்த ஒட்டு தாண்டாது. அதற்கு அப்பால் ஐபி (இணைய நெறிமுறை) தலைப்பிலுள்ள டிஎஸ்சிபி என்ற 6 பிட் முன்னுரிமைக் குறியீடு அந்த வேலையைச் செய்கிறது.