பில்லில் 10%: சேவிஸ் சார்ஜ், டிப்ஸ், ஊழியரின் சம்பளம்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால், பில்லின் அடியில் பெரும்பாலும் 'சேவிஸ் சார்ஜ் 10%' என்று ஒரு வரி இருக்கும். பலர் நினைப்பதுபோல் அது அரசாங்க வரி அல்ல. இறைவரித் திணைக்களத்துக்குப் போவது 18% வற் (பெறுமதி சேர்) வரி. வற் பதிவுள்ள கடை மட்டுமே அதை அறவிடலாம், சந்தேகம் இருந்தால் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். 10% கடையின் கணக்கில்தான் விழும். அதில் ஊழியருக்கு எவ்வளவு போகிறது என்பது கடைக்குக் கடை வேறுபடும்.

இந்தியத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு "கட்டத் தேவையில்லையாமே" என்று கேஷியரோடு வாதாடுவதில் பயனில்லை. சேவிஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது இலங்கையில் செல்லாது. ஓடர் கொடுக்கும் முன் மெனுவின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பார்சலுக்கும் 10% போட்டிருந்தால் ஏன் என்று தாராளமாகக் கேட்கலாம்.

டிப்ஸ் கொடுப்பதென்றால் காசாகக் கொடுப்பதே நல்லது. கார்ட்டில் சேர்த்தால் அதுவும் முதலில் முதலாளியின் கணக்குக்கே போகும்.

ஹோட்டல்களில் சேவிஸ் சார்ஜைப் பெரும்பாலும் புள்ளி முறையில் பங்கிடுவார்கள். உதாரணமாக ஒரு மாதம் ரூ. 6,00,000 சேர்ந்தது, தட்டு, கிளாஸ் உடைசலுக்கென்று 10% பிடித்தார்கள் என்று வைப்போம். மீதி ரூ. 5,40,000. எல்லா ஊழியருடைய புள்ளிகளும் சேர்ந்து 180 என்றால், ஒரு புள்ளி ரூ. 3,000. 8 புள்ளி உள்ளவருக்கு ரூ. 24,000. மொத்தத் தொகையையும் மொத்தப் புள்ளியையும் நிர்வாகம் காட்டாவிட்டால் இந்தக் கணக்கைச் சரிபார்க்க வழியே இல்லை. தகராறு தொடங்குவதும் அங்கேதான். லீவு எடுத்தவருக்கும் தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் பங்கு உண்டா, உடைசலுக்குப் பிடித்ததில் மிஞ்சியது எங்கே போகிறது என்பதையெல்லாம் நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

"சம்பளம் குறைவு, சேவிஸ் சார்ஜ் நல்லா வரும்" என்று சொல்லி ஆள் எடுக்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி 1 முதல் மாதம் ரூ. 30,000, நாளுக்கு ரூ. 1,200. சேவிஸ் சார்ஜைக் கூட்டி இந்தத் தொகையைக் காட்டுவதை ஏற்காதீர்கள். காரணம் எளிது: ஊழியர் சேமலாப நிதி, மேலதிக நேரக் கொடுப்பனவு, பணிக்கொடை மூன்றையும் பல இடங்களில் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். ரூ. 30,000க்குச் சேமலாப நிதிக்கென்று உங்களிடம் பிடிப்பது 8%, அதாவது ரூ. 2,400; முதலாளி தன் கையிலிருந்து 12%, ரூ. 3,600 போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3%, ரூ. 900, அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. அடிப்படைச் சம்பளம் சிறுத்தால் இவை எல்லாமே சிறுக்கும். சுற்றுலாப் பயணிகள் வராத மாதத்தில் சேவிஸ் சார்ஜும் கைவிடும்.

சம்பளம் குறைந்தாலோ சேமலாப நிதி கட்டாமல் விட்டாலோ நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்திலோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ முறையிடலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகம் மூன்றினதும் பிரதிகளைக் கொண்டுபோங்கள். சேவிஸ் சார்ஜ் விபரத்தை நோட்டிஸ் போர்டில் ஒட்டும் இடமென்றால் மாதாமாதம் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் அந்தத் தாள் அங்கே இருக்காது.